தூண்டில்காரர் பேச்சும் குளத்தின் க்ஷேமமும்

கருமத்தம்பட்டியிலிருந்து தெற்கே சோமனூரைக் கடந்து சாமளாபுரத்துக்குப் போகிறவர்கள், நொய்யலின் ஜலத்தை வாங்கிப் பரந்து கிடக்கும் அந்தப் பெரிய குளத்தின் கரையில், ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்ந்தும் புலராத வேளையிலேயே, கையில் ஒரு கோலும் அருகில் ஒரு டப்பாவுமாகக் குந்தியிருக்கும் மனிதர்களைப் பார்த்திருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் விசைத்தறிச் சப்தத்துக்கு நடுவே கத்தினால்தான் காதில் விழும் என்று பழகிப்போனவர்கள், ஏழாம் நாள் இங்கே வந்து தணிந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள்.

“ஏனுங்க, ஏதாச்சும் மாட்டுச்சுங்களா?”

“எங்கீங்க, நாலு சிலேபிதான். பெருசு ஒண்ணு நரம்பை அத்துட்டுப் போயிருச்சு.”

“மதகுகிட்ட விரால் எடுக்குதுன்னு சொன்னாங்களே?”

“அதெல்லாம் போன மாசமுங்க. இப்பத் தண்ணி நெறம் மாறிப்போச்சு.”

இந்தச் சம்பாஷணையை வேலையற்றவர்களின் வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களே அதிகம். மீன் வாங்க வேண்டுமானால் கடைக்குப் போகலாமே, நாள் முழுவதும் வெயிலில் காய்ந்து கால் கிலோ ஜிலேபி கொண்டுபோவதில் என்ன லாபம் என்று வீட்டில் கேட்பதும் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. நம்முடைய கொங்கு நாட்டுக் குளங்களின் க்ஷேம லாபங்களைப் பற்றி வாராவாரம், வருஷம் தவறாமல், காசு செலவில்லாமல் நமக்குக் கிடைக்கிற ஒரே செய்தி இதுதான் என்றும், இதைக் கேட்டு எழுதிவைக்க ஓர் ஆளை நியமிக்காதது அரசாங்கத்தின் குறை என்றும் நான் கருதுகிறேன்.

குளங்களைப் பற்றிய கணக்கு நம்மிடம் இல்லாமல் இல்லை. நீர்வளத்துறை உத்தியோகஸ்தர்கள் ஆழத்தை அடிக்கணக்கில் குறிக்கிறார்கள்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் ஜலத்தைக் குப்பியில் முகந்துபோய் உப்பையும் அமிலத்தையும் அளக்கிறார்கள்; மீன்வளத்துறையார் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டார்கள் என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்; மீன்பாசி குத்தகை எடுத்தவர் எத்தனை கிலோ விற்றது என்று தம் நோட்டில் எழுதுகிறார். இவை யாவும் அவசியமானவையே. ஆயினும் இந்தக் குளத்தில் எந்த ஜாதி மீன் பெருகுகிறது, எது குன்றுகிறது, எது மூன்று வருஷமாகக் கண்ணிலேயே படவில்லை என்ற விஷயம் இவற்றில் எதிலும் ஏறுவதில்லை. குத்தகைதாரர் வலை, சந்தையில் விலைபோகும் கட்லாவையும் ரோகுவையும் உத்தேசித்துக் கண்வைத்த வலை. அதன் கண்ணுக்குச் சிக்காத அயிரையும் கெளிறும் அவர் கணக்குக்கு வெளியே. தூண்டில்காரனோ இன்றைக்கு மண்புழு, நாளைக்கு மைதா உருண்டை, மறுநாள் சின்னத் தவளை என்று மாற்றி மாற்றிப் போட்டு, கரையோரம் ஒரு நாள், மதகடியில் ஒரு நாள், கோரைப் புதருக்குள் ஒரு நாள் என்று இடம் மாறி மாறி உட்கார்ந்து, குளத்தின் மூலைமுடுக்கெல்லாம் விசாரித்துக்கொண்டே இருக்கிறான். எதற்கு எது வந்து கடித்தது என்பதே அவனுடைய ஜீவாதாரமான ஞானம்.

அவன் பேச்சை நம்பலாமா என்று வாசகர் கேட்கக்கூடும், நியாயமான கேள்வி. தப்பிய மீனுக்கு எடை அதிகம் என்பது உலகறிந்த சங்கதி. எடை விஷயத்தில் தூண்டில்காரன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். எந்த இடத்தில் கிடைத்தது என்பதைப் பற்றிச் சொன்னால் முழுவதையுமே தள்ளிவிடலாம், ஏனென்றால் நல்ல இடத்தைப் பிறருக்குக் காட்டிக்கொடுக்கும் உதாரகுணம் அந்த வர்க்கத்தாருக்குப் பிரம்மதேவன் வைக்கவில்லை. ஆனால் மீனின் ஜாதியைப் பற்றி அவன் பொய் சொல்வதில்லை. ஜிலேபியைப் பிடித்துவிட்டு விரால் என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து சாக்கைத் திறந்து பார்த்துவிடுவார். நமக்கு வேண்டியதும் அந்த ஜாதி விவரம்தானே! எடையைப் பற்றிய பொய்யை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இது வெறும் என் ஊகம் அன்று. காவேரியிலேயே இதற்குப் பிரத்தியட்சமான சாட்சி இருக்கிறது. தமிழகத்துக்குள் காவேரி நுழைவதற்குச் சற்று முன்னால், கர்நாடகத்துக் காட்டுக்குள் காலிபோர் என்ற இடத்தில் தூண்டில்காரர்களுக்கென ஒரு முகாம் இருந்தது. மஹ்சீர் என்று உலகம் அழைக்கும் பெருங்கெண்டையைப் பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே விதி. வந்தவர்கள் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன கிடைத்தது, எவ்வளவு எடை என்பதை முகாம்காரர்கள் சிரத்தையோடு எழுதிவைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையில் அவ்வாறு சேர்ந்த, 23,000 மணி நேரத்துக்கும் 6,000 மீன்களுக்கும் மேற்பட்ட அந்தக் குறிப்புகளை, இங்கிலாந்தின் போர்ன்மத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆட்ரியன் பிண்டர், நம் கேரளத்து ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டபோதுதான் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. மஹ்சீரின் தொகை குறையவில்லை, பெருகியிருந்தது. ஆனால் பெருகியது காவேரிக்குச் சொந்தமில்லாத, பொரிப்பகத்தில் வளர்த்து நல்லெண்ணத்தோடு ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு ஜாதி. காவேரிக்கே உரிய, முதுகு திமில்போல் உயர்ந்த பெருமஹ்சீரோ வருஷத்துக்கு வருஷம் குன்றிக்கொண்டே வந்து மறையும் நிலைக்கு வந்திருந்தது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தவர்கள் ஆறு செழிக்கிறது என்று மகிழ்ந்திருப்பார்கள். பொழுதுபோக்குக்கு வந்தவர்களின் நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் அந்த அழிவுக்குச் சாட்சியே இருந்திராது.

அந்தத் திமில் மஹ்சீருக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் உறவு உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நூறு ராத்தலுக்கு மேல் வளரும் அந்த மீனை நூற்றைம்பது வருஷமாகத் துரைமார் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, அதற்குச் சாஸ்திரீயமான நாமகரணம்கூட நிலையாகச் செய்யப்படவில்லை. கேரள மலைகளில் பிறந்து, மறையூர்ப் பக்கமாக இறங்கி, நம் உடுமலைப்பேட்டை அமராவதி நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் பாம்பாற்றில் கிடைத்த மஹ்சீருக்கு 2007-இல் குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு பெயர் சூட்டினார்கள். அதுவும் காவேரியின் திமில் மஹ்சீரும் ஒன்றே என்று 2018-இல் தெளிவாயிற்று. அவ்வருஷமே, அழிவின் விளிம்பில் நிற்கும் ஜீவன்களின் சர்வதேசப் பட்டியலில் மிகக் கடைசி வரிசையில் அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த கையோடு ஆயுள் முடியும் கட்டம் வந்துவிட்டது. அமராவதியின் தலைப்பில், நம் வீட்டு வாசலில் என்றே சொல்லத்தக்க இடத்தில் இருந்த அந்த ஐசுவரியத்தைப் பற்றிக் கோயமுத்தூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மீன் பிடிப்பது தாழ்ந்த பொழுதுபோக்கு, அதைப் பற்றிப் படித்தவர்கள் பேசலாகாது என்ற ஓர் எண்ணம் நம்மிடையே எப்படியோ புகுந்துவிட்டது. சங்கப் புலவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. மருத நிலத்தைப் பாடும்போது வாளையும் விராலும் கெண்டையும் ஆரலும் அவர்கள் வாக்கில் சரளமாகப் புரண்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், தான் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்ற மகத்தான சமஸ்கிருத நூலில், அரசனுக்குரிய விநோதங்களுள் ஒன்றாக மத்ஸ்ய விநோதத்தையும் சேர்த்து, எந்த மீனுக்கு எந்த இரை, நரம்பும் முள்ளும் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் விஸ்தரிக்கிறான். இங்கிலாந்தில் 1653-இல் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் நூல் இன்றுவரை அச்சில் இருப்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் வழியில் சந்தித்துக்கொண்ட மனிதர்களின் உரையாடலாகவே அமைந்திருப்பதுதான். நம் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒன்று எழுதினார். 1887-இல் கோயமுத்தூர் ஜில்லாவின் கையேட்டை எழுதிய பிரடெரிக் நிக்கல்ஸனே பிற்பாடு சென்னை ராஜதானியில் மீன்துறை 1907-இல் ஏற்படக் காரணமாக இருந்தவர். வறண்ட பூமி என்று பேர் வாங்கிய நம் ஜில்லாவின் கிணற்றையும் வாய்க்காலையும் பஞ்சத்தையும் எழுதிய கைதான் மீன்துறைக்கும் அஸ்திவாரம் போட்டது என்பதை நினைக்கும்போது, நமக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் கோயமுத்தூர்க்காரர்மேல் எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது.

சரி, நம் குளக்கரைச் சம்பாஷணை என்ன சொல்கிறது? வயதானவர்கள் பேச உட்கார்ந்தால் வாளை, ஆரல், விலாங்கு, உளுவை, வெண்கெண்டை, அயிரை என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். நொய்யலில் புதுவெள்ளம் வந்தால் வாய்க்கால் மடையில் கூடை வைத்தே அயிரை அள்ளியதாகச் சொல்வார்கள். இருபது வயதுப் பையன்கள் பேச்சிலோ பெயர்கள் சுருங்கிவிட்டன: ஜிலேபி, கட்லா, ரோகு, தேளி, அதிருஷ்டம் இருந்தால் ஒரு விரால். இரண்டு தலைமுறைக்குள் பேச்சிலிருந்து உதிர்ந்துபோன பெயர்களே இந்த நதியின் சரித்திரம்.

விலாங்கை எடுத்துக்கொள்வோம். குளத்திலும் ஆற்றிலும் வளர்ந்தாலும் அது முட்டையிடுவது சமுத்திரத்தில். அதன் குஞ்சுகள் கடலிலிருந்து ஆற்றில் எதிரேறி வந்தாக வேண்டும். வெள்ளியங்கிரியில் பிறந்த நொய்யல், கரூர் ஜில்லாவில் காவேரியோடு கலந்து கடலைத் தொடுகிற வழி தடையில்லாமல் இருந்தவரையில் நம் ஊர்க் குளத்து விலாங்குக்கு வங்காள விரிகுடா தூரமில்லை. வழியில் அணைகள் எழுந்தன. 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று ஒன்று கட்டினார்கள். அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. பயிருக்கு உதவாமல், கீழே திறந்துவிடவும் முடியாமல் அது பட்ட பாட்டை ஊரே அறியும். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. இதையெல்லாம் கடந்து ஒரு விலாங்குக் குஞ்சு சாமளாபுரத்துக்கு வந்து சேர வேண்டுமானால் அது மீனாக இருந்தால் போதாது, சித்தராக இருக்க வேண்டும்.

ஜிலேபியின் கதை நேர்மாறானது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மீன் 1952-இல் நம் தேசத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழை ஜனங்களுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற சதுத்தேசமே காரணம். பெண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாத்துக் குஞ்சுகளையும் வாயிலேயே காப்பாற்றுகிறது. சாக்கடை கலந்தாலும் பிராணவாயு குறைந்தாலும் சமாளிக்கிறது. வருஷத்தில் பலமுறை இனம் பெருக்குகிறது. நாளடைவில் அமராவதி நீர்த்தேக்கம் ஜிலேபியின் ராஜ்யமாகவே ஆயிற்று. கொங்கு நாட்டில் எங்கே தூண்டில் போட்டாலும் முதலில் வருவது அது. நம் தறிக்காரர் வீட்டில் மிளகாய் அரைத்துத் தடவி வறுத்த ஜிலேபிக்கு உள்ள ருசியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாக்கெல்லாம் ஜிலேபியாக இருந்தால் குளம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. பிற மீன் பிழைக்க முடியாத இடத்திலும் அது பிழைக்கும் என்பதே அதன் பொருள்.

கட்லாவும் ரோகுவும் வடக்கத்திய நதிகளின் பிரஜைகள். குளத்தில் அவை சாதாரணமாகக் குஞ்சு பொரிப்பதில்லை. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைச் சுரப்பியிலிருந்து எடுத்த சாரத்தை ஊசிமூலம் ஏற்றி முட்டையிடச் செய்த பிறகுதான் தேசமெங்கும் குஞ்சு உற்பத்தி சாத்தியமாயிற்று. நம் ஆழியாறும் பவானிசாகரும் ஊட்டும் ‘டேம் மீன்’ எல்லாம் அந்த ஊசியின் சந்ததியே. இவற்றால் தீங்கென்று சொல்வதற்கில்லை. தீங்கு, ஆப்பிரிக்கத் தேளியால்தான். கண்டதையெல்லாம் விழுங்கி, காற்றைச் சுவாசித்து, ஈரத்தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும் அந்த மீனை வளர்க்கக் கூடாதென்று மத்திய அரசு தடுத்திருக்கிறது. ஆனாலும் அது குளக்கரைப் பேச்சில் மாதத்துக்கு மாதம் அதிகமாக அடிபடுகிறது. எந்தக் குளத்தில் புதிதாக அது நுழைந்தது என்று முதலில் அறிகிறவன் தூண்டில்காரன். அவனிடம் கேட்பவர்தாம் இல்லை.

இன்னொரு செய்தியும் இவர்கள் பேச்சில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன என்று நாம் பத்திரிகையில் படிப்பதற்கு நாலைந்து நாள் முன்பே, “விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுங்க” என்று கரையில் பேசிக்கொள்வார்கள். சாக்கடையின் சத்தால் ஜலம் பச்சைப்பாசியாகத் திரளும்போது, அந்தப் பாசி பகலில் பிராணவாயுவை வெளியிட்டாலும் இரவெல்லாம் தானே அதை உட்கொள்கிறது. மூட்டமான நாட்கள் தொடர்ந்தால் விடியற்காலத்தில் மீனுக்குச் சுவாசிக்கப் போதியது இருப்பதில்லை. அந்தப் பேச்சு அன்றே ஓர் உத்தியோகஸ்தர் காதில் விழுந்திருந்தால், எந்த ஓடை வழியாகக் கழிவு நுழைகிறது என்று பார்த்து அடைக்கவோ, மேல்குளத்திலிருந்து நல்ல தண்ணீர் திறக்கவோ அவகாசம் இருந்திருக்கும். மீன் செத்தபின் வந்து ஜல மாதிரி எடுப்பது பிரேத பரிசோதனை, வைத்தியமாகாது.

இந்த விஷயத்தை இப்போது எழுதுவதற்குத் தனிக்காரணம் உண்டு. அறுபது வருஷத்துக்கு மேலாக நம் ஜனங்கள் கேட்டு வந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி துவக்கப்பெற்று, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாக ஏறிவந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நாடிச் செல்கிறது. தலைமுறைக் கணக்கில் சீமைக்கருவேலம் மண்டிக் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்த குட்டைகளில்கூட இன்று ஜலம் அலை மோதுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கிணறுகள் ஊறட்டும், தென்னை தழைக்கட்டும். அதை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கேட்பது, அந்த ஜலத்தில் என்ன ஜீவிக்கப் போகிறது என்பது.

ஆற்றோடும் ஓடையோடும் தொடர்புள்ள குளத்துக்கு மீன் தானே எதிரேறி வரும். எந்திரம் தள்ளிக் குழாய்வழி வந்த ஜலத்தில், ஆண்டுக்கணக்காகக் காய்ந்து கிடந்த குட்டைக்கு நாட்டு மீன் தானாக வந்து சேர்வது அரிது. யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்டதே அங்கே வாழும். இன்று யார் விடுகிறார்கள்? குத்தகைக்குக் கண்வைத்தவர் விடுகிறார். புண்ணியம் என்று எண்ணி யாரோ ஒரு பாலித்தீன் பை நிறையக் கொட்டிவிட்டுப் போகிறார். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து பெரிதாகிவிட்ட சக்கர் மீனைக் கொல்ல மனமின்றிக் குளத்தில் விடுகிறார் ஒரு ஜீவகாருண்யர். வெற்றுப் பலகைபோல் கிடக்கும் இத்தனை குளங்களிலும் முதல் எழுத்தை எழுதும் சந்தர்ப்பம் மறுபடி வராது. தேளியும் சக்கரும் ஒருமுறை வேரூன்றிவிட்டால் குளத்தை வற்றடிப்பதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது. நாட்டு விரால், குரவை, கெளிறு, கெண்டை ஜாதிகளைத் திட்டமிட்டு இக்குளங்களில் விட்டு, பிறகு அவை பிழைத்தனவா என்று கரையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டாலே போதும்.

தூண்டில்காரர்களைப் புகழ்ந்துகொண்டே போவதும் முறையன்று. அவர்கள்மேல் எனக்குக் குறைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் விரால் கரையோரப் புல்லில் கூடுகட்டிப் பொரிக்கும்போது, குஞ்சுகள் செந்நிறத் திரளாக மேலே மிதந்து திரியும். பெற்ற மீன் அடியிலேயே காவல் நிற்கும். ஸ்பின்னிங் ராடும் ரப்பர்த் தவளையுமாக வரும் புதிய தலைமுறையினர் அந்தச் செந்நிறத் திரளைக் கண்டதும் அதன் நடுவிலேயே தவளையை எறிகிறார்கள். பசியால் அன்று, பிள்ளைகளைக் காக்கும் ஆவேசத்தில் பாய்ந்து கவ்வும் விராலைக் கரையேற்றிப் படம் பிடித்துக்கொண்டால் காரியம் முடிந்தது. காவலிழந்த குஞ்சுகளை ஒரு மணி நேரத்துக்குள் மற்ற மீன்கள் தீர்த்துவிடும். இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? பிடித்ததைத் திரும்ப விட்டுவிட்டோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வதும் உண்டு. வெயில் தரையில் போட்டு, அளந்து, பத்துக் கோணத்தில் படம் எடுத்துவிட்டு விட்ட மீன் எத்தனை தூரம் போகும் என்பது கேள்வி. பிடித்ததை எடுத்துப்போய்க் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற தறித் தொழிலாளியின் ஹிம்சையில் ஒரு நேர்மை இருக்கிறது. அறுந்த நரம்பைக் கரையிலேயே சுருட்டிப் போட்டுவிட்டுப் போகும் வழக்கமும் கொடியது. சாமளாபுரத்துக்கு வலசை வரும் பறவைகளின் காலை அது பிணைத்துவிடுகிறது. இரவில் பேட்டரியும் கம்பியுமாக வந்து மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பவர்களையும், மலையோரங்களில் தோட்டா போடுபவர்களையும் தூண்டில்காரர் வரிசையில் நான் சேர்க்கவில்லை. வெடியும் விஷமும் போடுவதை 1897-ஆம் வருஷத்துச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது, போலீசார் பார்த்துக்கொள்ளட்டும்.

குத்தகைதாரர்களின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். மீன்பாசி ஏலத்தில் பணத்தைக் கட்டிக் குஞ்சு வாங்கி விட்டவர், ஞாயிறுதோறும் ஐம்பது பேர் வந்து தூண்டிலை நீட்டினால் பொறுப்பாரா? விரட்டத்தான் செய்வார், அதனால் கரையில் அவ்வப்போது கைகலப்பும் நேரிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தறிகளுக்கும் மில்களுக்கும் வந்திருக்கும் தொழிலாளிகள் வந்தால் அடி கொஞ்சம் பலமாகவே விழுகிறது என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். நன்னீர் மீனைப் பற்றி அந்தக் கங்கை, மகாநதிக் கரைக்காரர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி நமக்குத் தெரியாது. அவர்கள் வந்த பிறகுதான் நம் ஊர்ச் சந்தைகளில் ரோகுவுக்கு மதிப்பே ஏற்பட்டது.

இதற்கெல்லாம் பெரிய சட்டம் ஒன்றும் இயற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு குளத்திலும் கரையின் ஒரு பக்கத்தைத் தூண்டிலுக்கென்று ஒதுக்கி, ஆளுக்கு ஒரு கோல் என்ற கணக்கில் குத்தகைதாரரே ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கலாம். அந்தச் சீட்டின் பின்புறத்தில், இன்று என்ன ஜாதி மீன் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லலாம். எழுதத் தெரியாதவர்கள் குறிப்பதற்குப் பத்து மீன்களின் படம் அச்சிட்டால் போகிறது. விரால் குஞ்சு காக்கும் இரண்டு மாதம் கரையோரத் தூண்டிலை நிறுத்தி வைக்கலாம். முலாம் பூசும் பட்டறைக் கழிவும் சாயமும் கலக்கிற குளங்களில், இந்த மீனைத் தின்னாதீர்கள் என்று நாலு பாஷையில் பலகை வைப்பது அரசாங்கத்தின் கடமை. அதை மட்டும் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைக்க வேண்டியிருப்பது துர்ப்பாக்கியம்.

அடுத்த மீன்பாசி ஏலத்துக்குத் தண்டோரா போடுவதற்கு முன்னால், சூலூர், அன்னூர், அவிநாசி வட்டாரங்களின் மீன்வளத்துறை உத்தியோகஸ்தர்கள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலுமாகத் தம் வட்டாரத்துக் குளக்கரை ஒன்றில் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து, அங்கே நடக்கும் பேச்சில் வரும் மீன்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.